ஏன் என்று சொல்லாத கடிதம்

அந்தக் கடிதத்தை இன்னும் மேசை இழுப்பறையில்தான் வைத்திருக்கிறேன். மொத்தம் நான்கு வரி. விண்ணப்பித்ததற்கு நன்றி என்று ஒரு வரி. கவனமாகப் பரிசீலித்தோம் என்று ஒரு வரி. தற்போது உங்கள் நிறுவனத்துக்கு வணிகக் கணக்கு தொடங்கித்தர இயலவில்லை என்று ஒரு வரி. முடிவுக்கான காரணத்தைத் தெரிவிக்க இயலாது என்று கடைசி வரி. கீழே கையெழுத்து கிடையாது. கணினியில் உருவான கடிதம், கையொப்பம் தேவையில்லை என்று அச்சிட்டிருந்தது. அதற்குப் பிறகு வேறொரு வங்கியில் கணக்குக் கிடைத்துவிட்டது. பணம் வருகிறது, போகிறது, தொழிலும் ஒரு மாதிரி நிலைக்கு வந்துவிட்டது. “அதான் கிடைச்சிருச்சே, அப்புறம் என்ன?” என்று வீட்டில் கேட்கிறார்கள். கேட்பது சரிதான். ஆனாலும் அந்த நான்காவது வரி மனசை விட்டுப் போகவில்லை. இரண்டு வருஷமாகியும் புதிதாகத் தொழில் தொடங்கும் யாரைப் பார்த்தாலும் முதலில் வாயில் வருவது “கணக்கு திறந்தாச்சா?” என்பதுதான்.

நானும் என் தோழியும் சேர்ந்து நடத்துவது மொழிபெயர்ப்பு நிறுவனம். ஆவணங்கள், பயிற்சிக் கையேடுகள், காணொளிகளுக்கான வசன வரிகள். இருவரும் பல வருஷம் தனித்தனியாகச் செய்துவந்த வேலைதான். சேர்ந்து செய்தால் பெரிய வேலைகளை எடுக்கலாம் என்று நிறுவனமாகப் பதிவு செய்தோம். பதிவு ஒரே நாளில் முடிந்தது. வங்கிக் கணக்குக்கு மூன்றரை மாதம் ஆனது. அந்த மூன்றரை மாதத்தில் கையில் வேலை இருந்தது, வாடிக்கையாளர் இருந்தார், செய்து முடித்த வேலைக்குப் பணம் தர அவர் தயாராகவும் இருந்தார். பணம் வந்து விழ ஓர் இடம்தான் இல்லை.

எங்கள் முதல் வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவு, நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும்தான் பணம் அனுப்பும். அது அவர்கள் விதி, அதில் தவறும் இல்லை. வங்கிக்குப் போனால், தொழில் நடக்கிறது என்பதற்கு ஆதாரம் காட்டுங்கள் என்றார்கள். விலைப்பட்டியலோ (இன்வாய்ஸ்) ஒப்பந்தமோ வேண்டுமாம். விலைப்பட்டியல் அனுப்ப வேண்டுமென்றால் அதில் கணக்கு எண் இருக்க வேண்டும். சரி, முகவரிச் சான்று கொடுப்போம் என்று பார்த்தால், நிறுவனத்தின் பெயரில் வாடகை ஒப்பந்தம் கேட்டார்கள். நாங்கள் பார்த்து வைத்திருந்த சின்ன அறையின் உரிமையாளரோ, நிறுவனக் கணக்கிலிருந்து முன்பணம் வந்தால்தான் நிறுவனத்தின் பெயரில் ஒப்பந்தம் எழுதுவேன் என்றார். வீட்டு முகவரியையே கொடுக்கலாமா என்று கேட்டோம். கொடுக்கலாம், ஆனால் அந்த முகவரியும் நிறுவனத்தின் பெயரும் சேர்ந்து இருக்கிற ஏதாவது ஒரு ரசீது வேண்டும் என்றார்கள். மின் கட்டண ரசீது வீட்டு உரிமையாளர் பெயரில். நிறுவனத்தின் பெயரில் இணைய இணைப்பு வாங்கலாம் என்று போனால், மாதாமாதம் பணம் எடுக்க நிறுவனத்தின் வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்டார்கள். எந்த வாசலைத் தட்டினாலும் அடுத்த வாசலில் சாவி வாங்கி வா என்றார்கள். கடைசி வாசலில் முதல் வாசலைக் கை காட்டினார்கள்.

இதற்கு நடுவில் பெயர்ச் சிக்கல் வேறு. தோழியின் பெயர் ஒரு ஆவணத்தில் முழுதாகவும் இன்னொன்றில் சுருக்கமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுக்க ஒரு வாரம். அது ஒவ்வொருவருக்கும் நடப்பதுதான், நீட்டவில்லை. ஆனால் தொழில் வகை என்ற கட்டத்தைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். ஐக்கிய நாடுகள் சபை வகுத்த ஒரு தொழில் வகைப்பாடு இருக்கிறது. பல நாடுகளின் பட்டியல்கள் அதை ஒட்டி அமைந்தவை. அதன் நான்காம் திருத்தத்தில் மொழிபெயர்ப்பு வருவது 7490 என்ற எண்ணின் கீழ். அந்தப் பிரிவின் பெயரே ‘வேறெங்கும் வகைப்படுத்தப்படாத’ தொழில்சார் பணிகள் என்றுதான் முடியும். வங்கியின் படிவத்தில் எங்களுக்குப் பொருந்தியது ‘இதர சேவைகள்’ மட்டும்தான். எந்தத் தொழிலுக்கும் பொருந்துகிற ஒரு சொல்லைப் பார்த்து, அதற்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று யாரால் ஊகிக்க முடியும்? அப்போது அந்தக் கட்டத்தை டிக் செய்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டோம்.

கேட்பதில் தவறில்லை

கடிதம் வந்த அன்று எனக்கு வந்தது கோபம் மட்டும்தான். பிறகு, இவர்கள் ஏன் இப்படிக் கேட்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்கக் கோபம் குறையவில்லை, ஆனால் அது திரும்பிய திசை மாறியது.

1989-ல் பாரிஸில் கூடிய ஜி7 நாடுகள், போதைப் பணம் வங்கிகள் வழியாக வெள்ளையாவதைத் தடுக்க எஃப்.ஏ.டி.எஃப். என்ற அமைப்பை உருவாக்கின. அடுத்த வருஷம் அது 40 பரிந்துரைகளை வெளியிட்டது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு பயங்கரவாதத்துக்குப் போகும் பணத்தைத் தடுப்பதும் அதன் வேலையானது. இன்று 200-க்கும் மேற்பட்ட நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் அந்தப் பரிந்துரைகளை ஏற்றிருக்கின்றன. நாம் கே.ஒய்.சி. என்று சொல்லிச் சலித்துக்கொள்வதன் வேர் அங்கேதான் இருக்கிறது. வாடிக்கையாளர் யார், அந்த நிறுவனத்தின் உண்மையான உரிமையாளர் யார், பணம் எங்கிருந்து வருகிறது என்று வங்கி தெரிந்துகொள்ள வேண்டும். உண்மையான உரிமையாளர் என்பதற்குப் பல நாடுகளில் 25 சதவீதப் பங்கு எல்லை, சில இடங்களில் 10 சதவீதம். 2016-ல் வெளியான பனாமா ஆவணங்களில், அதாவது அங்குள்ள ஒரு சட்ட நிறுவனத்திலிருந்து கசிந்த கோப்புகளில், 2,14,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் விவரங்கள் இருந்தன. பெயர்ப் பலகைக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று தெரியாமல் கணக்குத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. அதனால் ‘ஏன் இத்தனை கேள்வி?’ என்று நான் கேட்க மாட்டேன். கேட்கட்டும்.

படித்ததில் என்னை நிறுத்தியது வேறொன்று. பணத்தை மறைப்பதற்காகவே உருவாக்கப்படும் போலி நிறுவனத்தின் அடையாளங்கள் என்று ஒரு பட்டியல் பார்த்தேன். சமீபத்தில் பதிவானது. தனி அலுவலகம் இல்லை, வீட்டு முகவரி. ஊழியர்கள் இல்லை. பழைய வரவு செலவு இல்லை. தொழில் என்னவென்று தெளிவாகச் சொல்லாத விவரிப்பு. சம்பந்தமில்லாத பல இடங்களிலிருந்து சின்னச் சின்னத் தொகைகள். வாசித்துக்கொண்டே வந்தவள், நடுவில் நிறுத்திவிட்டுத் தோழியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இது நாமதானே” என்றாள். ஆமாம், அத்தனையும் நாங்கள்தான். புதிதாகப் பிறந்த நேர்மையான ஒரு தொழிலும், ஏமாற்றுவதற்காகப் பிறந்த ஒரு நிறுவனமும் காகிதத்தில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன. பெரிய நிறுவனத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அதற்குத் தணிக்கை அறிக்கை இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, பத்து வருஷச் சரித்திரம் இருக்கிறது. புதிய தொழிலுக்கு இருப்பது அதை நடத்துகிறவர்களின் வார்த்தை மட்டும்தான். அந்த வார்த்தையைக் கேட்பதற்கோ படிவத்தில் இடமே இல்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. சின்னக் கணக்கை ஆராய்வதற்கு ஆகிற நேரம், பெரிய கணக்கை ஆராய ஆகிற நேரத்தைவிடப் பெரிதாகக் குறைந்துவிடாது. ஆனால் அதிலிருந்து வங்கிக்குக் கிடைக்கிற வருமானம் மிகக் குறைவு. தவறினால் விழுகிற அடியோ பெரிது. மெக்சிகோ போதைக் கும்பல்களின் பணம் தன் வழியாகப் போனதைத் தடுக்கத் தவறியது உள்ளிட்ட புகார்களுக்காக 2012-ல் எச்.எஸ்.பி.சி. வங்கி அமெரிக்காவில் சுமார் 190 கோடி டாலர் கட்ட வேண்டியிருந்தது. அந்தச் செய்தியைப் படித்த எந்த வங்கி அதிகாரிக்கும் பயம் வரத்தான் செய்யும். அந்த நாற்காலியில் என்னை உட்கார்த்திப் பார்த்தேன். நான் ஒப்புதல் கொடுத்த ஒரு கணக்கு நாளைக்குக் கோளாறானால் கோப்பில் என் பெயர் இருக்கும். நான் மறுத்த நூறு நல்ல தொழில்கள் திறக்காமலே போனால் அதை யாரும் எந்தக் கோப்பிலும் எழுத மாட்டார்கள். மறுப்பதற்குச் செலவே இல்லை. அந்தச் செலவு முழுவதும் கவுன்ட்டருக்கு வெளியே நிற்கிறவருடையது.

இதை விதி எழுதியவர்களே பார்த்திருக்கிறார்கள். வாடிக்கையாளர்களை வகை வகையாக மொத்தமாக வெட்டிவிடுவது தங்கள் பரிந்துரைகளின் நோக்கம் அல்ல, ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று எஃப்.ஏ.டி.எஃப். 2014 அக்டோபரில் அறிக்கை வெளியிட்டது. ஹாங்காங்கின் நாணய ஆணையம் 2016-ல் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், ஒரு தவறுகூட நடக்காத நிலையை உங்களிடம் எதிர்பார்க்கவில்லை என்றே எழுதியது. பிரிட்டனில் பெரிய வங்கிகள் மூடிய வணிகக் கணக்குகள் 1,40,000-க்கும் மேல் என்று நாடாளுமன்றக் குழு 2024-ல் வெளியிட்ட விவரம் சொல்கிறது. அத்தனையும் தவறாக மூடப்பட்டவை என்று நான் சொல்லவில்லை. தொழிலே நின்றுபோனவையும், கேட்ட ஆவணம் தராதவையும் அதில் இருக்கும். ஆனால் நேர்மையாகத் தொழில் செய்துகொண்டிருந்தவர் எத்தனை பேர் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மௌனம் எங்கிருந்து வந்தது

சரி, மறுக்கட்டும். காரணத்தை ஏன் சொல்லக் கூடாது? இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நாள் செலவழித்தேன். எஃப்.ஏ.டி.எஃப். பரிந்துரைகளில் 21-வது, வங்கி ஒருவர் மேல் சந்தேகப்பட்டு அரசுக்குச் சந்தேக அறிக்கை அனுப்பினால் அதை அவரிடம் சொல்லக் கூடாது என்கிறது. திருடனிடம் போய் ‘உன்னைப் பற்றிப் புகார் கொடுத்திருக்கிறேன்’ என்று சொன்னால் அவன் தப்பித்துவிடுவான். அந்தத் தடை நியாயமானது. ஆனால் அது சந்தேக அறிக்கைக்கு மட்டுமான தடை. ‘உங்கள் வாடகை ஒப்பந்தத்தில் நிறுவனத்தின் பெயர் இல்லை’ என்று சொல்வதை அது தடுக்கவில்லை. ‘இந்த அளவு சின்னக் கணக்குகளை நாங்கள் எடுப்பதில்லை’ என்று சொல்வதையும் தடுக்கவில்லை. நடைமுறையில் என்ன ஆகிறதென்றால், எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக் கூடாது என்று பிரித்துப் பார்க்கிற வேலையை மிச்சம் பிடிக்க, எல்லோருக்கும் ஒரே நான்கு வரி போகிறது. குற்றவாளிக்குக் காட்ட வேண்டிய மௌனத்தை, ஒரு ரசீது குறைந்தவரிடமும் காட்டுகிறார்கள். அந்தக் கடிதத்தைப் பிரித்த நிமிஷத்தில் நான் என்னைப் பற்றியே யோசிக்க ஆரம்பித்தேன். என் பெயரில் ஏதாவது இருக்கிறதா? யாராவது என் அடையாளத்தைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார்களா? தோழி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன குறை என்று தெரிந்தால் சரி செய்யலாம். தெரியாததை எப்படிச் சரி செய்வது?

“இந்த எண்ணை எப்படிப் போட்டீங்க?”

நான்காவதாகப் போன வங்கியில் எங்கள் கோப்பை வாங்கியவர் ஒரு பெண் அதிகாரி. நாங்கள் பழகிப்போன வரிசையில் ஆவணங்களை எடுத்து வைக்க ஆரம்பித்தோம். அவர் படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். “மேடம், இதெல்லாம் அப்புறம் பார்க்கலாம். உங்களுக்கு ஒரு வேலை எப்படி வருது, முடிஞ்சதும் காசு எப்படி வருது, அதை முதல்ல சொல்லுங்க” என்றார். மூன்று வங்கிகளில் யாரும் கேட்காத கேள்வி. நானும் தோழியும் மாறி மாறிச் சொன்னோம். யார் வேலை அனுப்புவார்கள், நாங்கள் அதை எப்படிப் பிரித்துக்கொள்வோம், எங்களுக்குத் தெரியாத மொழி வந்தால் வெளியில் யாரிடம் கொடுப்போம், அவர்களுக்கு எப்போது பணம் தருவோம், எந்த நாட்டு வாடிக்கையாளர் எத்தனை நாளில் பணம் அனுப்புவார். இருபது நிமிஷம் இருக்கும். நடுவில் அவர் குறிப்பெடுத்துக்கொண்டே வந்தார்.

அப்புறம் படிவத்தைத் திறந்து ஓர் இடத்தில் விரல் வைத்தார். அடுத்த பன்னிரண்டு மாதத்தில் எதிர்பார்க்கும் வரவு என்ற கட்டம். “இந்த எண்ணை எப்படிப் போட்டீங்க?” எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. முதல் வங்கியில் அந்தக் கட்டத்தை நிரப்பியபோது, சின்ன எண்ணாகப் போட்டால் மதிக்க மாட்டார்கள் என்று நினைத்தோம். எல்லாம் நன்றாக நடந்தால் எவ்வளவு வரும் என்று யோசித்து, அதை எழுதினோம். பிறகு எல்லா வங்கிகளிலும் அதே எண்ணைத்தான் எழுதினோம். அவர் பொறுமையாக விளக்கினார். நாங்கள் நம்பிக்கையாக எழுதியதை வங்கி வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளும். கணக்குத் திறந்த பிறகு உள்ளே வருகிற ஒவ்வொரு தொகையையும் அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சரித்திரமே இல்லாத நிறுவனம், வீட்டு முகவரி, இதர சேவைகள், அதன் பக்கத்தில் இவ்வளவு பெரிய எண், ஆறு நாடுகளிலிருந்து வரவு. “மற்ற பேங்க்ல ஏன் இல்லைன்னாங்கன்னு எனக்குத் தெரியாது மேடம். ஆனா இந்தக் காகிதத்தை மட்டும் பார்த்தா, எனக்கும் பயமாத்தான் இருக்கும். நீங்க பேசினதைக் கேட்டா பயமா இல்லை.”

இந்த வாக்கியத்தை நான் எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று தெரியாது. அவர் விதி எதையும் தளர்த்தவில்லை. மற்றவர்கள் கேட்டதைவிட அதிகமாகத்தான் கேட்டார். நாங்கள் சொன்னதையெல்லாம் ஒரே பக்கத்தில் எங்கள் வார்த்தையிலேயே எழுதித் தரச் சொன்னார். “நான் மேல அனுப்புறப்போ ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் விளக்க முடியாது. இந்தப் பக்கம் கோப்போட போகட்டும்.” வாடிக்கையாளர்களின் பெயர், நாடு, ஒரு வேலைக்குச் சராசரியாக எவ்வளவு, மாதத்துக்கு எத்தனை வேலை. வரவு மதிப்பை, கையில் உறுதியாக இருக்கிற வேலைகளை மட்டும் கூட்டி எழுதச் சொன்னார். பழைய எண்ணில் ஐந்தில் ஒரு பங்குதான் வந்தது. விலைப்பட்டியலுக்குப் பதிலாக, வாடிக்கையாளர் வேலையை உறுதி செய்து அனுப்பிய மின்னஞ்சலே போதும் என்றார். அந்த மின்னஞ்சல் எங்களிடம் முதல் நாளிலிருந்தே இருந்தது. வேறு யாரும் கேட்கவில்லை, கொடுக்கலாம் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. பன்னிரண்டாம் நாள் கணக்கு எண் வந்தது.

அதிர்ஷ்டத்தை நம்பி இருக்க முடியாது

நல்ல அதிகாரி ஒருவர் அமைந்ததால் எங்களுக்கு வழி பிறந்தது. ஆனால் ஒரு தொழில் பிறப்பதும் பிறக்காததும் எந்த மேசைக்கு முன்னால் போய் உட்கார்கிறோம் என்பதைப் பொறுத்து இருக்கக் கூடாது. பிரான்ஸில் 1984-லிருந்தே கணக்குக்கான உரிமை சட்டத்தில் இருக்கிறது. தனி மனிதர்களுக்கு மட்டுமல்ல, நிறுவனங்களுக்கும். வங்கி மறுத்தால் அதை எழுத்தில் தர வேண்டும். அதை எடுத்துக்கொண்டு மத்திய வங்கியிடம் போனால், அது ஒரு வங்கியை நியமித்து அடிப்படைக் கணக்கைத் திறக்கச் சொல்லும். மூன்று வங்கிகள் மறுத்த தொழில்களுக்காக பெல்ஜியமும் 2020-ல் இது மாதிரியான சட்டம் இயற்றியது. ஹாங்காங்கில் 2019-லிருந்து எளிய கணக்கு என்று ஒரு வகை உண்டு. சேவைகள் குறைவு, அதற்கேற்பக் கேட்கும் ஆவணங்களும் குறைவு. தொழில் வளர்ந்தால் முழுக் கணக்குக்கு மாறிக்கொள்ளலாம். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட அறிவுள்ள ஏற்பாடாகப் படுகிறது. பிறந்த குழந்தையிடம் பத்து வருஷச் சான்றிதழ் கேட்காமல், முதலில் தவழ விட்டுப் பார்க்கிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் கொண்டுவந்த அடிப்படைக் கணக்கு விதியைப் படித்தபோது மனசு கொஞ்சம் கனத்தது. அதன்படி, மறுத்தால் குறிப்பிட்ட காரணத்தை எழுத்தில், இலவசமாகச் சொல்ல வேண்டும். தேசப் பாதுகாப்புக்கோ பொது ஒழுங்குக்கோ பணமோசடித் தடுப்பு விதிகளுக்கோ எதிராகப் போகும் இடத்தில் மட்டும் சொல்ல வேண்டியதில்லை. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று பிரிக்க முடியும் என்பதற்கு அந்த ஒரு பிரிவே போதும். ஆனால் அது தனி நுகர்வோருக்கான விதி, தொழில்களுக்கு இல்லை. வங்கிகளைக் கட்டாயப்படுத்தினால் கள்ளப்பணம் நுழைந்துவிடும் என்று சொல்கிறவர்களிடம் நான் அந்தப் பிரிவைத்தான் காட்டுவேன். எல்லோருக்கும் கணக்குக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் எண் பெரிதாக இருக்கிறது என்று முதல் வங்கி ஒரு வரி எழுதியிருந்தால், அந்த வாரமே திருத்தியிருப்போம். எங்களுக்கு வேலை செய்து கொடுத்த இரண்டு பேருக்கு மூன்று மாதம் கழித்துப் பணம் கொடுத்திருக்க மாட்டோம். அதில் ஒருவர் அதற்குப் பிறகு எங்களோடு வேலை செய்யவே இல்லை. அவரை நான் குறை சொல்ல முடியாது.

போன வாரம் பழைய நண்பர் ஒருவர் கூப்பிட்டார். பழுதான மருத்துவக் கருவிகளைச் சீர் செய்யும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்கியிருக்கிறார். அவருக்கும் அதே மாதிரிக் கடிதம். ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினார். நான்காவது வரியை அவர் வாசிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன். அவர் அனுப்பிய படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, தொழில் வகையைப் பார்த்தேன். இதர சேவைகள். இரண்டு கட்டம் தள்ளி அந்த எண் இருந்தது.

“இந்த எண்ணை எப்படிப் போட்டீங்க?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “உண்மையைச் சொல்லணும்னா...” என்று ஆரம்பித்தார். பொறுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லி, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டேன்.